கரையில் திறக்காத பக்கம்

செப்டம்பர் 1, திங்கள்

தினமும் நடந்ததை எழுதி வைக்கவேண்டும் என்று சென்னைக் கம்பெனியிலிருந்து கீர்த்திவாசன் டேப்லெட்டோடு ஒரு டைரியும் சேர்த்து அனுப்பியிருக்கிறார். என்ன நடந்ததை என்று அவர் சொல்லவில்லை. அதனால் எல்லாவற்றையும் எழுதப்போகிறேன்.

பி.காம். முடித்துவிட்டுப் பதினோரு வருடம் ஏலக்கூடத்தில் மீனுக்கு ஐஸ் அள்ளிப்போட்ட பெல்சியாவாகிய நான் இன்று முதல் களப் பொறுப்பாளர். எங்கள் தோமையார்துறையில் இருபத்திரண்டு மீன்பிடி வள்ளங்கள். ஒவ்வொரு வள்ளத்துக்கும் ஒரு போனில் 'கடல்குறி' என்ற பக்கத்தை ஏற்றிக் கொடுத்து, நாற்பது நாள் ஓட்டிக் காட்டவேண்டும். ஓடினால் எனக்கு இதுவே நிரந்தர வேலை. ஓடாவிட்டால் ஐஸ் இருக்கவே இருக்கிறது.

இது கடையில் இறக்கும் ஆப் இல்லை, வெறும் இணையப் பக்கம். கரையில் ஒருமுறை திறந்துவிட்டால் அப்புறம் டவரே இல்லாத ஆழத்திலும் திறக்கும். மீன் படும் இடத்தில் பொத்தானை அமுக்கினால் இடமும் தேதியும் மீன் பெயரும் போனுக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். அடுத்த தடவை ஓர் அம்புக்குறி அதே இடத்துக்குக் கூட்டிப்போகும். கரைக்கு வந்து டவர் இருக்கும் இடத்தில் பக்கத்தைத் திறந்தால், உள்ளே இருப்பதெல்லாம் கம்பெனிக்குப் போய், என் டேப்பிலும் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

ஏலக்கூடத்தில் வைத்து எல்லோருக்கும் விளக்கினேன். மிக்கேல் மாமா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார். "ஏட்டி பெல்சி, இது மீனயும் புடிச்சுத் தருமா?"

"மீன நீங்க புடிங்க மாமா. இடத்த இது புடிச்சு வைக்கும்."

அவர் சிரித்துவிட்டு முதல் ஆளாகப் போனை நீட்டினார். அறுபது வயதில் தனியாகக் கடலுக்குப் போய்வரும் மனிதர். ஊரில் அவருக்குத்தான் பெரிய களவா மீன் படும். எங்கே படுகிறது என்று மட்டும் யாருக்கும் தெரியாது.

செப்டம்பர் 3, புதன்

டேப்பில் ஒரு புள்ளிகூட இல்லை. கடலில் ஏதோ கோளாறு இருக்கலாம் என்கிறார் கீர்த்திவாசன். நான் போய்ப் பார்த்தேன். கடல் நன்றாகத்தான் இருக்கிறது.

செப்டம்பர் 6, சனி

புளி வாங்கினேன். சின்னவளுக்குப் பேன் பார்த்தேன். மர்மத்தையும் கண்டுபிடித்தேன்.

வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஆஸ்டினிடம் போனைக் கேட்டேன்; நெட்டை அணைத்துவிட்டுத்தான் தந்தான். பார்த்தால் உள்ளே பதினொரு குறி. இன்னும் நாலு பேர் போனையும் அப்படியே பார்த்தேன். எல்லோரும் ஒழுங்காகக் குறித்திருக்கிறார்கள், மீன் பெயர்கூட எழுத்துப் பிழை இல்லாமல். ஆனால் கரைக்கு வந்தபிறகு ஒருவரும் அந்தப் பக்கத்தைத் திறப்பதில்லை. டவர் இல்லாத இடத்தில் மட்டும் திறப்பது, டவர் வருமுன் மூடுவது. சொல்லிவைத்தமாதிரி இருபத்திரண்டு பேரும் அப்படியே.

"எதுக்குல இப்படிச் செய்திய?" என்று கேட்டேன்.

"வச்சுக்கிட நல்லாருக்குக்கா. அனுப்பத்தான் மனசு வரல" என்றான்.

கீர்த்திவாசனுக்கு இதைப் புரியவைக்க அரை மணி நேரம் ஆனது. பார் என்றால் கடலடியில் இருக்கும் பாறைத்திட்டு, மீன் அடையும் இடம். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு பார் உண்டு. தகப்பன் மகனுக்குக் காட்டுவான், மருமகனுக்குக் காட்டமாட்டான். அடுத்தவன் பாரில் தூண்டில் போட்டு அகப்பட்டால் ஊர்க்கமிட்டி அவன் வள்ளத்தைப் பதினைந்து நாள் கரையில் கட்டிப்போடும். அந்தப் பதினைந்து நாளாவது ஓடிவிடும். பார்திருடி என்ற பெயர் பேரப்பிள்ளை காலம்வரை நிற்கும். இப்படிப்பட்டவர்களிடம் போய், உங்கள் பாரையெல்லாம் குறித்துச் சென்னைக்கு அனுப்புங்கள் என்றால் யார் அனுப்புவார்கள்?

"அப்போ நம்ம சாஃப்ட்வேர்ல பிரச்சினை இல்லையா மேடம்?" என்றார் அவர்.

"உங்க சாஃப்ட்வேர் நல்லாத்தான் இருக்கு சார். எங்க ஊருதான் இப்படி."

அவருக்கு இருந்த சந்தோஷத்தைப் பார்க்கவேண்டுமே. எனக்குத்தான் ஐஸ்பெட்டி கண்ணில் ஆடியது.

செப்டம்பர் 9, செவ்வாய்

ஆஸ்டினின் குறிகள் எல்லாம் போய்விட்டன. அக்கா மகள் முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மை விழா வீடியோ முழுவதையும் அதே போனில் இறக்கியிருக்கிறான். போன் நிரம்பி மூச்சுமுட்டி, எது வேண்டும் எது வேண்டாம் என்று அதுவே முடிவுசெய்து, கடல்குறியைக் காலிசெய்துவிட்டது. பிள்ளை வெள்ளை உடுப்பில் மெழுகுவர்த்தியோடு நடக்கிறது, இவன் கரையில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறான்.

கீர்த்திவாசன் சொன்னார். "போன் நிறைஞ்சா அதுவா இடம் பண்ணிக்கும் மேடம். எங்ககிட்ட வந்து சேர்ந்தது பத்திரமா இருக்கும், திரும்ப இறக்கிக் கொடுத்துடலாம். வராதது போனா போனதுதான்."

இதை நான் ஏலக்கூடத்தில் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன்.

செப்டம்பர் 10, புதன்

கமிட்டித் தலைவர் ரெமிஜியுஸ் அண்ணன் கூட்டம் போட்டார். அனுப்பினால் யார் பார்ப்பார்கள் என்பதுதான் கேள்வி. கம்பெனியில் ஆள் பெயர் தெரியாது, வெறும் எண்தான். ஆள் பெயரோடு பார்க்கக்கூடியவள் நான் ஒருத்தி.

"அப்ப நீ குருசடியில சத்தியம் பண்ணு" என்றார் அண்ணன். அந்தோணியார் குருசடிச் சிலுவையில் கைவைத்து, எவர் புள்ளியையும் எவரிடமும் சொல்லமாட்டேன் என்றேன். "கட்டுன மாப்பிள்ளட்டயும்னு சேத்துக்கோக்கா" என்றான் ஆஸ்டின். சேர்த்துக்கொண்டேன். எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர்தான் எல்லோரையும்விட அதிகம் சிரித்தார்.

மிக்கேல் மாமா மட்டும் எழுந்துவிட்டார். "எம் பாரு எங்கூடயே இருக்கட்டும். போனு நெறஞ்சா நான் வேற போனு வாங்கிக்கிடுதேன்."

செப்டம்பர் 12, வெள்ளி

பதினான்கு பேர் திறந்துவிட்டார்கள். டேப் டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருந்தது. ஊர் ரகசியமெல்லாம் என் மடியில். யார் பார் எங்கே, யார் சும்மா பாதிவழியில் தூங்கிவிட்டுத் திரும்புகிறார், எல்லாம் தெரிகிறது. பெயர் எழுதமாட்டேன், சத்தியம்.

வீட்டுக்காரர் போனை ஜன்னலில் கவிழ்த்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். நானே எடுத்துத் திறந்தேன். எங்கள் பாரின் மேல் ஐந்து புள்ளி. தென்கிழக்கில், வேறு எந்த வள்ளமும் போகாத இடத்தில், இரண்டு புள்ளி. ஐந்தாம் தேதி ஒன்று, பதினொன்றாம் தேதி ஒன்று. இரண்டுமே, நம்ம பாருக்குத்தான் போனேன் என்று அவர் என்னிடம் சொன்ன நாட்கள்.

போன் சிலநேரம் இடத்தைப் பிசகாகக் காட்டும் என்று கீர்த்திவாசன் முன்பு சொன்னது ஞாபகம் வந்தது. இருபது மைல் பிசகுமா என்று போன்போட்டுக் கேட்டேன். "அவ்வளவு எல்லாம் பிசகாது மேடம், இருபது அடி வேணா பிசகும்" என்றார்.

மழை வரும்போல இருந்தது. மொட்டைமாடியில் வத்தல் காய்ந்துகொண்டிருந்தது, எடுக்கப் போய்விட்டேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

பூசை முடிந்து வரும்போது மிக்கேல் மாமாவின் மனைவி செபமாலை அத்தை கையைப் பிடித்துக்கொண்டார். "ஒன் மாப்பிள்ள வில்பிரட்டு இப்பல்லாம் களவாவாக் கொண்டு வாறானாமே. எங்க வீட்டாளுக்கு அடுத்து இவனுக்குத்தான் படுது."

"எல்லாம் அந்தோணியார் புண்ணியம் அத்தே" என்றேன். அந்தோணியாரை இதில் இழுத்திருக்கவேண்டாம்.

மதியம் களவாக் குழம்பு. ருசி என்றால் அப்படி ஒரு ருசி. இரண்டாவது தடவை போட்டுச் சாப்பிட்டேன். கடல் என்ன, யாருக்காவது பட்டா போட்டுக் கொடுத்ததா?

செப்டம்பர் 17, புதன்

வீட்டுக்காரர் போனை மறுபடி நானே திறந்தேன். தென்கிழக்கில் மூன்றாவது புள்ளி. நேற்றைய தேதி.

"நேத்து எங்க போனிய?" என்றேன், வெங்காயம் உரித்துக்கொண்டே.

"எங்க போவேன். நம்ம பாருக்குத்தான்."

"வேற வள்ளம் எதும் அங்க நின்னுச்சா?"

"நம்ம பாருல வேற வள்ளத்துக்கு என்னட்டி சோலி?" என்று கோபமாகக் கேட்டார். நியாயமான கோபம்தான்.

நான் மேலே பேசவில்லை. கட்டின மாப்பிள்ளையிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம். அவருடைய புள்ளியை அவரிடமே சொல்வது அந்தச் சத்தியத்தில் சேருமா சேராதா என்று யாரிடம் போய்க் கேட்பது?

செப்டம்பர் 18, வியாழன்

தலையணை உறை எல்லாம் துவைத்தேன். திரைச்சீலையும் துவைத்தேன். துவைக்கவேண்டிய அவசியம் இல்லாததையும் துவைத்தேன்.

செப்டம்பர் 23, செவ்வாய்

மிக்கேல் மாமா இன்னும் திரும்பவில்லை.

விடியுமுன் போனவர். மதியம் ஏலத்துக்கு எப்போதும் வந்துவிடுவார். மூன்று மணிக்குக் கரையில் ஆள் சேர்ந்துவிட்டது. ஆறு வள்ளம் தேடப்போய், இருட்டுவதற்குள் திரும்பிவிட்டன. கடலோரக் காவலுக்கும் சொல்லியாயிற்று. எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். யாருக்குத் தெரியும்?

"எங்க போறியன்னு கேட்டா, தெக்கன்னு ஒரு நா சொல்லுவாவ, கெழக்கன்னு ஒரு நா சொல்லுவாவ" என்று அழுதார் அத்தை. "நாப்பது வருசமா எனக்கே சொல்லல. நான் என்ன தூண்டிலத் தூக்கிட்டா போவப்போறேன்?"

மாமாவின் குறிகள் மாமாவின் போனில். போன் மாமாவிடம். மாமா டவர் இல்லாத இடத்தில். கீர்த்திவாசனைக் கேட்டேன். ஒரு தடவைகூடக் கரையில் திறக்காததால் கம்பெனியில் எதுவும் இல்லை என்றார். அவர் குரலும் இறங்கிப்போயிருந்தது.

வீட்டுக்கு வந்தால் என் வீட்டுக்காரர் சோற்றைத் தொடவில்லை. தூண்டில் முள்ளை எடுத்துத் துடைப்பதும் டப்பாவில் போடுவதும் மறுபடி எடுப்பதுமாக இருந்தார். நான் டேப்பைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன். மூன்று புள்ளி. சொல்லமாட்டேன் என்றுதானே சத்தியம், காட்டமாட்டேன் என்று இல்லையே.

கையிலிருந்த முள்ளை டப்பாவில் போட்டு மூடினார். "போன மாசம் ஒரு நா இஞ்சின் மக்கர் பண்ணி நீரோட்டத்துல போயிட்டேன். தூரத்துல மாமா வள்ளம் நின்னுச்சு. அப்படித்தான் தெரியும்" என்றார். பிறகு, "விடிய நான் மட்டும் சத்தமில்லாம போய்ப் பாத்துட்டு வந்துருதேன்" என்றார்.

"ஒரு வள்ளம் போதுமா?"

அவர் மெதுவாக, "போதாது. மாமா இன்னும் அங்கயே நிக்கமாட்டாவ. இதுக்குள்ள நீரோட்டம் வடக்க இழுத்துருக்கும். அத்தன பேரும் போனாத்தான் ஆவும்."

"பதினஞ்சு நாளு கட்டிருவாவ" என்றேன்.

"அது பரவால்ல. பேருதான்."

எனக்கு அவர்மேல் அவ்வளவு கோபம், அவ்வளவு இரக்கம். இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் மறுபடி சோற்றைப் போட்டுக் கையில் கொடுத்தேன். சாப்பிட்டார்.

செப்டம்பர் 24, புதன்

ஐந்து மணிக்குக் கரையில் மொத்த ஊரும் நின்றது. யார் எந்தப் பக்கம் போவது என்று ரெமிஜியுஸ் அண்ணன் பிரித்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்குமுன் இவர் முன்னால் போய் நின்றார்.

"மாமா பாரு எனக்குத் தெரியும்."

"எப்படிலே தெரியும்?"

"மூணு தடவ போயிருக்கேன்."

செபமாலை அத்தை இவரை நிமிர்ந்து பார்த்தார். "போயிருந்தா நல்லதுதான். எங்கன்னு சொல்லு" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அத்தைக்கு நான் ஆயுள் முழுக்கக் கடன்பட்டிருக்கிறேன்.

அடுத்தது என் வேலை. அந்தப் பாரை நடுவாக வைத்து எல்லா வள்ளமும் விசிறிபோல வடக்கே பிரியவேண்டும். நடு எங்கே என்று ஒவ்வொருவர் போனிலும் அம்புக்குறி காட்டினால்தான் தேடிய இடம் எது, விட்ட இடம் எது என்று தெரியும். புயல் எச்சரிக்கைக்காக டேப்பில் 'எல்லோருக்கும் அனுப்பு' என்று ஒன்று இருக்கிறது. அதில் அந்தப் புள்ளியைப் போட்டு அனுப்பினேன். "எல்லாரும் போன எடுத்து பக்கத்தத் தெறங்க. தெறந்தாத்தான் வரும்" என்றேன்.

ஒருவரும் அசையவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. திறந்தால் அந்தப் புள்ளி உள்ளே வரும். அதே நேரம் அவர்கள் இத்தனை நாள் பூட்டிவைத்தது வெளியே போகும். ஏற்கெனவே திறந்தவர்களும் பத்து நாளாகப் புதிதாகக் குறித்ததை அனுப்பாமல்தான் வைத்திருந்தார்கள்.

ஆஸ்டின் முதலில் திறந்தான். "எனக்கு இழக்க ஒண்ணும் இல்ல, எல்லாம் புதுநன்மையில போச்சு" என்றான். ஒருவர் சிரித்தார். அப்புறம் ஒருவர், அப்புறம் மூன்று பேர். டேப் அடிக்க ஆரம்பித்து நிற்கவே இல்லை. இருபத்தொரு போன். நான் எதையும் பார்க்காமல் டேப்பைச் சேலைத்தலைப்பில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

போய்விட்டார்கள். அத்தையோடு உட்கார்ந்து செபமாலை உருட்டி ஜெபம் சொன்னேன். நடுவில் இரண்டு தடவை மணிகளின் எண்ணிக்கை தவறியது.

பதினொன்றேகாலுக்கு ஆஸ்டின் வள்ளம் தெரிந்தது. கம்பில் சட்டையைக் கட்டி ஆட்டிக்கொண்டு வந்தான். பின்னாலேயே கயிற்றில் மாமாவின் வள்ளம். பாருக்கு ஏழு மைல் வடக்கே, இஞ்சின் சுழலி முறிந்த வள்ளத்தில், தலையில் ஈரத்துண்டோடு உட்கார்ந்திருந்தாராம். சுற்றிலும் வள்ளங்களைப் பார்த்துவிட்டு, "யாரு வீட்டுக் கல்யாணத்துக்குல இத்தன பேரும் போறிய?" என்று கேட்டிருக்கிறார். ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தபிறகுதான் அடுத்த கேள்வி. "இந்த இடம் எப்படில தெரிஞ்சுது?" எல்லோரும் கயிறு கட்டுவதில் மும்முரமாகிவிட்டார்களாம்.

அத்தை அவரை அடிக்கக் கையை ஓங்கி, பிறகு கட்டிக்கொண்டார். நானும் அழுதேன், நன்றாகவே அழுதேன்.

சாயங்காலம் கீர்த்திவாசன் கூப்பிட்டார். "மேடம், காலையில ஒரே நேரத்துல இருபத்தொரு போன்ல இருந்தும் டேட்டா வந்திருக்கு. என்ன பண்ணீங்க?"

"சும்மா கேட்டுப் பாத்தேன் சார்" என்றேன்.

செப்டம்பர் 25, வியாழன்

கமிட்டி கூடியது. உயிரைக் காப்பாற்றியது உண்மை, பார் திருடியதும் உண்மை என்றார் ரெமிஜியுஸ் அண்ணன். கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம் என்று ஆஸ்டின் கேட்டுப்பார்த்தான். மிக்கேல் மாமா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, "சட்டம் சட்டந்தான். இன்னக்கி இவனுக்கு விட்டா நாளைக்கு எவனும் பயப்படமாட்டான்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

பதினைந்து நாள். இவர் தலையைக் குனிந்து சரி என்றார். எங்கள் வள்ளத்தைக் கொடிமரத்துக்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டுச் சங்கிலி போட்டுவிட்டார்கள். அவ்வழியாகப் போகும் பிள்ளைகளெல்லாம் நின்று பார்க்கின்றன. சின்னவள் இன்று பள்ளிக்கூடத்துக்குக் கடைத்தெரு வழியாகச் சுற்றிப் போனாள்.

செப்டம்பர் 27, சனி

கரைக்குத் தெரியாத ரகசியத்தோடு இனிமேல் கடலில் கால் வைக்கக்கூடாது என்று செபமாலை அத்தை ஒரே பிடியாக நின்றிருக்கிறார். மிக்கேல் மாமா போனை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். இவர் மாமா முகத்தில் விழிக்க வெட்கப்பட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

நாற்காலி போட்டேன். டீ கொடுத்தேன். பக்கத்தைத் திறந்தேன். டேப் அடித்தது. ஒன்பது புள்ளி.

ஆறு அவருடைய பாரின் மேல். மீதி மூன்று எங்கள் பாரின் மேல்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். எங்கள் பாரேதான், இவர் பதினெட்டு வருடமாகப் போகும் பார். தேதி: ஐந்து, பதினொன்று, பதினாறு. இவர் மாமாவின் பாரில் களவா பிடித்த அதே மூன்று நாள், மாமா எங்கள் பாரில் விளமீன் பிடித்திருக்கிறார். மீன் பெயரைக்கூட ஒழுங்காகக் குறித்திருக்கிறார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் ஏன் பார்த்துக்கொள்ளவே இல்லை என்பது இப்போதுதான் புரிந்தது.

சிரிப்பை அடக்க அடுப்படிக்குப் போய்ச் சும்மாவாவது சர்க்கரை டப்பாவைத் திறந்து மூடிவிட்டு வந்தேன்.

"எல்லாம் வந்துட்டாம்மா?" என்றார் மாமா.

"வந்துட்டு மாமா."

"எல்லாம்னா... மாசத் தொடக்கத்துல குறிச்சதுமா?"

"அதும் வந்துட்டு. தேதியோட வந்துட்டு."

அவர் டீயையே பார்த்துக்கொண்டிருந்தார். டம்ளரில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது.

"நீ குருசடியில சத்தியம் பண்ணிருக்கல்லா?"

"பண்ணிருக்கேன் மாமா. யார்ட்டயும் சொல்லமாட்டேன். கட்டுன மாப்பிள்ளட்டயும்."

"ஆங்" என்றார். கொல்லைப்பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு ஆறிப்போன டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டுப் போனார்.

செப்டம்பர் 28, ஞாயிறு

பூசை முடிந்து எல்லோரும் கோயில் வாசலில் நிற்கும்போது மிக்கேல் மாமா ரெமிஜியுஸ் அண்ணனைக் கூப்பிட்டார். தனக்கு இரண்டு நாளாக உறக்கம் இல்லை என்றார். உயிரைக் காப்பாற்றியவன் வள்ளத்தைக் கட்டிப்போடுவது பாவம் என்றார். பார் தன்னுடையது, நட்டம் தன்னுடையது, தானே மன்னித்துவிட்டபிறகு கமிட்டிக்கு என்ன என்றார். போதாததற்கு இவர் தோளில் கைபோட்டு, "இவன் எனக்கு மகன் மாதிரிலா" என்றார்.

ரெமிஜியுஸ் அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. மாமாவின் மனசு யாருக்கு வரும் என்று ஆளாளுக்குப் பேசிக்கொண்டார்கள். கோயில் உபதேசியார் அடுத்த வருடத் திருவிழாவுக்கு மாமாவையே கொடியேற்றச் சொல்லலாமா என்று கேட்டார். மதியத்துக்குள் சங்கிலியைக் கழற்றிவிட்டார்கள்.

வீட்டுக்கு நடந்து வந்தோம். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே இவர் சொன்னார். "பெரிய மனுசன்ட்டி அவரு. நான் செஞ்ச காரியத்துக்கு இப்படி மன்னிக்க எவனுக்கு மனசு வரும்?"

"ஆமா" என்றேன். "நாளைக்கு நம்ம பாருக்கே போங்க. இனி அங்க நமக்கு நல்லா மீன் கெடக்கும்."

"அது எப்படி ஒனக்குத் தெரியும்?"

காற்று அப்படி என்று சொல்லிவிட்டுச் சோறு வடிக்க உள்ளே போனேன்.